சாஃப்ரன் வால்டன்: குங்குமப்பூ ஊரா, சந்தை ஊரா?

#1 வெள்ளாறு

கேம்பிரிட்ஜுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை கிடைத்தால் சுற்றியிருக்கும் சின்ன ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குப் பேருந்து ஏறிவிடுவேன். திரும்பத் திரும்ப நான் போய் நிற்பது ஒரே ஊரில்தான். எசெக்ஸின் வடமேற்கு மூலையில், கேம்பிரிட்ஜிலிருந்து தெற்கே 15 மைலில் இருக்கிறது சாஃப்ரன் வால்டன். 16,000 பேருக்குக் கொஞ்சம் மேல் வாழும் ஊர்.

சாஃப்ரன் என்றால் குங்குமப்பூ. அதனால் பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் கேட்பது, "அங்கே குங்குமப்பூ விளைகிறதா?" என்றுதான். ஊரைச் சுற்றி அப்படி வயல் எதுவும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சாகுபடியே அற்றுப்போனது. ஊர் நடுவில் செவ்வாயும் சனியும் கூடும் சந்தையோ இன்னும் நடக்கிறது. அதன் கதை 1141இல் தொடங்குகிறது.

அப்போது இங்கிலாந்தின் அரியணைக்கு மட்டில்டாவும் அவருடைய அத்தை மகன் ஸ்டீஃபனும் அடித்துக்கொண்டிருந்தார்கள். வால்டனில் கோட்டை வைத்திருந்த ஜெஃப்ரி டி மாண்டெவில் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து, சாயும்போதெல்லாம் ஏதாவது கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படி மட்டில்டாவிடம் வாங்கியதில் ஒன்று, மூன்று மைல் தள்ளியிருந்த நியூபோர்ட்டின் சந்தையை வால்டனுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை. நியூபோர்ட்டில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்றால் சந்தை ஊர். சந்தையை எடுத்த பிறகும் அந்தப் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. வால்டன் 'சிப்பிங் வால்டன்' ஆனது. சிப்பிங் என்பதற்கும் சந்தை என்றுதான் பொருள். சாஃப்ரன் என்ற முன்னொட்டு அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது.

டி மாண்டெவில் 1144இல் அம்புக்காயத்தில் இறந்தார். அவருடைய கோட்டையைப் பதினைந்து வருஷத்துக்குள் அரசன் இடிக்கச் சொன்னான். இன்று அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் சிக்கிமுக்கிக் கல் சுவர் கொஞ்சம் மட்டும் நிற்கிறது. அவர் கொண்டுவந்து வைத்த சந்தை மட்டும் எட்டு நூற்றாண்டு தாண்டியும் ஓடுகிறது. அதனால் இது சந்தையால் வளர்ந்த ஊர், குங்குமப்பூ இடையில் வந்து போன ஒரு பயிர் என்பது என் எண்ணம். உங்களில் யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

#2 மிளகுக்கொடி

நான் போனதில்லை. ஆனால் வேளாண்மை படித்தவள் என்பதால் கேட்கிறேன். அந்தக் குளிரிலும் மழையிலும் குங்குமப்பூ எப்படி விளைந்தது? தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடுமே. விதையும் கிடையாது. அது மலட்டுச் செடி, கிழங்கைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அப்படியானால் முதல் கிழங்கை யாரோ கையில் எடுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். அது யார்?

#3 பழங்கணக்கு

அருமையான கேள்வி அம்மா. முதலில் மண். அது சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த மண், தண்ணீர் நிற்காது. இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் எசெக்ஸும் ஒன்று. மேற்கே இருக்கிற ஊர்களில் இதை நட்டிருந்தால் நீங்கள் சொன்ன மாதிரி அழுகித்தான் போயிருக்கும்.

யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கிழக்கே யாத்திரை போன ஒருவர் ஒரே ஒரு கிழங்கைத் திருடி, குடைந்து வைத்திருந்த தன் கைத்தடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். கடற்பயணக் குறிப்புகளைத் தொகுத்த ரிச்சர்ட் ஹாக்லூட் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை எழுதிவைத்தார். அவரே ஊரில் சொல்லக் கேட்டதாகத்தான் எழுதுகிறார், ஆகையால் நானும் கதை என்றே சொல்கிறேன். ஒரே கிழங்கிலிருந்து ஒரு வட்டாரத்துக்கே நடவு பெருக எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உறுதியான சாட்சி வேறொருவர். வால்டனுக்குக் கிழக்கே ராட்விண்டர் என்ற கிராமத்தில் தேவாலய குருவாக இருந்த வில்லியம் ஹாரிசன். 1577இல் வெளிவந்த இங்கிலாந்து பற்றிய நூலில், பக்கத்து வயலில் நடந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கோடையில் கிழங்கை ஊன்றுவார்கள். இலையுதிர்காலத்தில் பூ வரும். சூரியன் ஏறுமுன் பறிக்க வேண்டும். சிவப்பு இழையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மிச்சப் பூவைக் குப்பைமேட்டில் கொட்டிவிடுவார்கள். இழையைத் துணியில் பரப்பி, சின்ன அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, அடையாக அழுத்துவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டி வேறு நிலத்துக்கு மாற்றுவார்கள். இந்த வேலை செய்தவர்களுக்கு 'குரோக்கர்' என்று பெயர்.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் என் மனதை விட்டுப் போவதே இல்லை. ஒரு வருஷம் பூ கொட்டோ கொட்டென்று கொட்டியது. பறிக்க ஆள் போதாமல் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி அனுப்பி, பாதிப் பூவையே கூலியாகக் கொடுத்து மீதிப் பாதியைக் கிள்ளி வாங்கினார்கள். விலை விழுந்தது. அப்போது வால்டன்காரர்கள் சிலர், சந்தையை மூச்சுத்திணற வைக்கக் கடவுள் குங்குமப்பூவாகப் பேண்டுவிட்டார் என்று வைதார்களாம். சொல்லை மாற்றக்கூடாது என்பதால் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கொழுப்புக்காகத்தான் பிறகு விளைச்சல் குறைந்துபோனது என்று ஹாரிசன் முடிக்கிறார்.

#4 மிளகுக்கொடி

ஐயா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெங்காயம் போட்டு நொந்த வீட்டில் பிறந்தவள் நான். குருவுக்கு அது தெய்வநிந்தையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் கடன்காரன் வாசலில் நிற்கும் மனிதனின் குரல்தான் கேட்கிறது.

ஒரு கிராம் உலர்ந்த இழைக்குச் சுமார் 150 பூ வேண்டும். பூவுக்கு மூன்றே இழை. காலை வெயில் ஏறினால் வாடிவிடும். கூலிக்குப் பாதிப் பூ போகிறதென்றால் அந்த வருஷம் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

வெள்ளாறு அண்ணா, இடையில் வந்து போன பயிர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். ஊரே முதுகை வளைத்துக் கிள்ளிய பயிர் அது.

#5 வெள்ளாறு

சரிதான் தங்கச்சி, அந்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று பாருங்கள். குங்குமப்பூ நின்ற பிறகு ஊர் வாடவில்லை. அதற்கு முன்னால் கம்பளி இருந்தது. பின்னால் வாற்கோதுமையை முளைகட்டி மால்ட் செய்யும் தொழில் வந்தது. வயலில் என்ன விளைந்தாலும் அது வந்து இறங்க ஒரு சதுக்கம் இருந்ததே, அதைத்தான் சொன்னேன்.

#6 பழங்கணக்கு

இரண்டுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. கிழங்கு எடுத்த நிலத்தில் பல வருஷம் எரு போடாமலே வாற்கோதுமை நன்றாக விளையும் என்று ஹாரிசனே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக் குங்குமப்பூ மலிவாக வர ஆரம்பித்ததும், இத்தனை கைவேலை எதற்கு என்று அந்த நிலத்தை முழுக்க வாற்கோதுமைக்கே விட்டிருப்பார்கள்.

#7 தெற்குவாசல்

பூவையும் சந்தையையும் பேசுகிறீர்கள். இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது 1647ஐ விட்டுவிடக் கூடாது.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த முதல் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. மன்னர் சார்லஸ் தோற்றுவிட்டார். ஜெயித்துக் கொடுத்த படையை நாடாளுமன்றம் கலைக்கப் பார்த்தது. கொஞ்சம் பேரை அயர்லாந்துக்கு அனுப்பலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றது. காலாட்படைக்கு 18 வாரச் சம்பளம் பாக்கி. குதிரைப்படைக்கு 43 வாரம். போரில் செய்ததற்காகப் பிறகு வழக்குப் போட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் படையின் தலைமை அந்த வசந்தத்தில் முகாமிட்டிருந்தது சாஃப்ரன் வால்டனில்.

பேச்சுவார்த்தை நடந்த இடம் ஊர் தேவாலயம், புனித மரியாள் கோவில். மார்ச்சிலிருந்து அதிகாரிகள் அங்கே கூடினார்கள். மே மாதம் நாடாளுமன்றத்தின் சார்பில் கிராம்வெல், அயர்ட்டன், ஸ்கிப்பன், ஃப்ளீட்வுட் நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் சாதாரணச் சிப்பாய்கள் தங்களுக்குள்ளேயே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களுக்கு 'அஜிடேட்டர்' என்று பெயர். கோரிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, படைப்பிரிவு படைப்பிரிவாகக் கொண்டுவந்து அந்தத் தேவாலயத்தில் வைத்தார்கள். ஜூனில் நியூமார்க்கெட்டில் கூடி, நியாயம் கிடைக்கும்வரை கலைய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். யாருக்கெல்லாம் ஓட்டு வேண்டும் என்று சிப்பாயும் தளபதியும் நேருக்கு நேர் வாதாடிய பட்னி விவாதம் அதே வருஷம் இலையுதிர்காலத்தில்.

பட்னியைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால், சம்பளப் பாக்கி கேட்ட சிப்பாய்களின் குரல் எழுந்த இந்த ஊரை அந்தப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம். அந்தத் தேவாலயத்துக்குள் முதல் தடவை நுழைந்தபோது தூண்களைப் பார்க்கத் தோன்றவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

#8 செங்கல்சூளை

தோழர், அடுத்த முறை தூண்களையும் பாருங்கள். எசெக்ஸ் மாவட்டத்திலேயே பெரிய ஊர்க்கோவில் அது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் முதல் கால்வரை, ஒரு தலைமுறைக்கும் மேலாகத் திரும்பக் கட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தில் வேலை செய்த ஜான் வாஸ்டெல்தான் இங்கேயும் தலைமைக் கொத்தனார்களில் ஒருவர். இவ்வளவு சின்ன ஊர் அவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்திருக்கிறது என்றால் கம்பளியிலும் குங்குமப்பூவிலும் எவ்வளவு பணம் புரண்டிருக்க வேண்டும்! 193 அடி உயரக் கூர்ங்கோபுரம் பின்னால் வந்தது, 1830களில்.

இறங்கி வந்தால் சர்ச் தெருவில் ஓல்ட் சன் இன். சுண்ணச்சாந்தில் பறவை, இலை, மனித உருவமெல்லாம் பிதுங்கி நிற்கும் சுவர். 1676 என்று தேதி போட்டிருக்கிறது. தடியும் கேடயமுமாக எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர் நாட்டுப்புறக் கதை வீரன் டாம் ஹிக்கத்ரிஃப்டும் அவன் சண்டையிட்ட விஸ்பெக் அரக்கனும் என்கிறார்கள். கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈரச் சாந்தில் கையால் அப்படி எடுத்தவருக்குக் கை நடுங்கியதாகவே தெரியவில்லை. கிராம்வெல் அங்கேதான் தங்கினார் என்று ஊரில் சொல்வது வாய்வழக்கு.

சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய சந்துகளைக் கவனித்தீர்களா வெள்ளாறு? புட்சர் ரோ, மார்க்கெட் ரோ. சந்தையன்று போட்டுப் பிரித்த கடைத்தட்டிகள் நாளடைவில் பிரிக்கப்படாமல் நின்று, கூரை போட்டு, மாடி எடுத்து வீடாகிவிட்டன. அகலம் இன்னும் பழைய தட்டியின் அகலம்தான்.

#9 வெள்ளாறு

கவனித்திருக்கிறேன், காரணம் தெரியாமல். நன்றி அண்ணா.

இவ்வளவும் இடிபடாமல் எப்படி மிஞ்சியது என்றும் சொல்லுங்கள். இதே மாதிரி பல ஊர்களில் 1960களில் நடுவூரையே இடித்து கான்கிரீட் போட்டார்கள்.

#10 செங்கல்சூளை

நான் இரண்டு காரணம் சொல்வேன்.

ஒன்று ரயில். 1845இல் லண்டன்–கேம்பிரிட்ஜ் பாதை போட்டபோது அது இரண்டு மைல் மேற்கே போய்விட்டது. ஆட்லி எண்ட் மாளிகையின் பிரபு பிரேபுரூக், தன் நிலத்தடியில் போகும் சுரங்கப்பாதையின் வாயிலைக்கூட அலங்கார வளைவாகக் கட்டச் செய்தார். தன் குலச்சின்னத்தையும் அதில் பொறிக்க வைத்தார். ஊருக்கென்று கிளைப்பாதை வர 1865 ஆனது. 1964இல் அதில் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. பெரிய ஆலை எதுவும் வராததால் பழையதை இடிக்கும் அவசரமும் வரவில்லை.

இரண்டாவது கிப்சன் குடும்பம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள். அதனால் பல்கலைக்கழகக் கதவும் அரசுப் பதவியும் அவர்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தன. மிஞ்சியது வியாபாரம். மால்ட், பீர் காய்ச்சும் தொழில், பிறகு வங்கி. அவர்களுடைய வங்கி 1896இல் இருபது குடும்ப வங்கிகள் ஒன்றாகி பார்க்லேஸ் ஆனபோது அதில் சேர்ந்தது. சம்பாதித்ததை ஊரிலேயே கொட்டினார்கள். அருங்காட்சியகம், பிரிட்ஜ் எண்ட் தோட்டமும் அதன் வேலிப்புதிரும், சதுக்கத்துக் குடிநீர்த் தூண், கிளை ரயில்பாதை என்று எதைத் தொட்டாலும் அவர்கள் கை இருக்கும். ஜார்ஜ் ஸ்டேசி கிப்சன் வங்கி வேலைக்கு நடுவில் எசெக்ஸின் தாவரங்களைத் திரட்டி 1862இல் ஒரு நூலே வெளியிட்டார்.

#11 தெற்குவாசல்

கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் டி மாண்டெவில் காலத்தில் ஒரு பிரபு, எட்டாம் ஹென்றி இங்கிருந்த மடத்தைக் கலைத்தபோது அந்த நிலத்தை வாங்கிய தாமஸ் ஆட்லி, பிறகு ஒரு வங்கிக் குடும்பம். எப்போதும் நாலு பேர் கைதான். டவுன் ஹாலைப் பாருங்கள். 1760களில் கட்டிய எளிமையான செங்கல் கட்டடம். 1879இல் கிப்சன் பணத்தில் அதன் முன்னால் மரச்சட்டம் வைத்த டியூடர் பாணி முகப்பை ஒட்டினார்கள். வருகிறவர்கள் அதைத்தான் 400 வருஷப் பழசு என்று படம் எடுக்கிறார்கள். எது உண்மையிலேயே பழசு, எது பழசு மாதிரி செய்தது என்று சொல்லாமல் ஊரைப் புகழக்கூடாது என்பது என் கட்சி.

#12 செங்கல்சூளை

அந்த முகப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எனக்கும் அது ஒட்டவில்லை. ஆனால் ஆட்லியையும் கிப்சன்களையும் ஒரே வரியில் வைக்கமாட்டேன். ஆட்லி மடத்தையே தன் வீடாக்கிக்கொண்டார். அவருடைய பேரன், பின்னாளில் அரசின் பொருளாளரான சஃபக் பிரபு, அதை இடித்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை எவ்வளவு பெரிசென்றால், ராஜாவுக்கே இது அதிகம், பொருளாளருக்கு வேண்டுமானால் சரி என்று முதலாம் ஜேம்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். கிப்சன்கள் கட்டியதில் பாதி, சுவர் இல்லாமல் ஊருக்குத் திறந்து கிடந்தது. தானியச் சந்தைக்காக 1848இல் எழுந்த கட்டடம் இன்று நூலகம்.

#13 பழங்கணக்கு

ஆட்லி எண்டைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1944 வரை, போலந்து நாட்டு வீரர்கள் அந்த மாளிகையில் பயிற்சி எடுத்து, ஜெர்மானியர் பிடித்திருந்த தங்கள் நாட்டுக்குள்ளேயே பாராசூட்டில் இறங்கினார்கள். திரும்பாதவர்களுக்குத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. போகிறவர்கள் அவசரப்படாமல் அங்கே நின்றுவிட்டு வாருங்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1929 முதல் 1965 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர். ஏ. பட்லர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அட்டாக்கில் 1902இல் பிறந்தவர். இந்தியாவுக்கான துணையமைச்சராக இருந்து 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை மக்களவையில் நிறைவேற்ற உழைத்தவர்களில் ஒருவர். அந்தச் சட்டப்படி நடந்த தேர்தலில்தான் 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் ஆட்சி அமைத்தார். இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி தந்த 1944 சட்டமும் பட்லருடையதுதான். தெற்குவாசல் தரையைப் பார்த்து நின்ற அதே தேவாலயத்தின் மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

#14 நிலாமுற்றம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் ஊரைப் பற்றி என்பதால் எழுதுகிறேன். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆட்லி எண்ட் ஸ்டேஷனிலிருந்து லண்டன் போய் வருகிறார். இங்கே பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. அதனால் வாடகையும் வீட்டு விலையும் ஏறிவிட்டது. என் மகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியையால் ஊருக்குள் வீடு பார்க்க முடியவில்லை, தினமும் வேறு ஊரிலிருந்து வந்தார். தெற்குவாசல் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழகு மிஞ்சியிருக்கிறது, ஆனால் அந்த அழகுக்குள் குடியிருக்க எல்லோராலும் முடியவில்லை.

ஆனால் இதுவும் சொல்ல வேண்டும். 2013இல் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்திலேயே 740 இருக்கை கொண்ட இசை அரங்கம் கட்டினார்கள். பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த பணம். உலக அளவில் வாசிக்கிற கலைஞர்கள் வருகிறார்கள், மறுநாள் அதே மேடையில் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். என் மகளும் வாசித்தாள்.

செவ்வாய்ச் சந்தையில் எனக்கு மீன்காரர், ரொட்டிக்காரர், செடி விற்கிற பாட்டி எல்லோரும் பழக்கம். நான் வந்த புதிதில் ஆங்கிலம் தயங்கித் தயங்கித்தான் வரும். பச்சை மிளகாய் எப்போது வரும் என்று காய்கறிக்காரரிடம் கேட்டதுதான் இந்த ஊரில் நான் பேசிய முதல் நீளமான பேச்சு. அடுத்த வாரம் எடுத்து வைத்திருந்தார். வெள்ளாறு சொன்ன 1141 எனக்குத் தெரியாது, ஆனால் சந்தையால் ஆன ஊர் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த மிளகாய்தான் ஞாபகம் வந்தது.

யாரும் சொல்லாததால் சொல்கிறேன், பொதுவெளியில் இருக்கும் புல்தரைப் புதிர்வழியை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பதில் பெரியது. 1699இல் வெட்டிச் சீர் செய்ததாகக் கணக்கில் இருக்கிறது, அதற்கு முந்தைய வயது எவ்வளவோ. குழம்பவைக்கும் திருப்பம் ஒன்றும் இல்லை. ஒரே பாதை, சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் நடந்தால் நடுமேட்டில் கொண்டுபோய் விடும். மனசு சரியில்லாத சாயங்காலங்களில் நான் போவது அங்கேதான்.

#15 வெள்ளாறு

அக்கா, நாலு வருஷம் சுற்றியும் நான் சந்தைக்காரர் ஒருவர் பேரைக்கூடக் கேட்டதில்லை. அடுத்த செவ்வாய் விடுப்பு எடுத்து வருகிறேன்.

#16 மிளகுக்கொடி

நான் அக்டோபரில் லண்டன் வர வாய்ப்பு இருக்கிறது. வயல் இல்லையென்றாலும் பரவாயில்லை, அந்தப் பூவுக்கு ஊரில் ஏதாவது அடையாளமாவது மிச்சம் இருக்கிறதா அக்கா?

#17 நிலாமுற்றம்

இருக்கிறது அம்மா. ஊர்ச் சின்னத்தில் கோட்டை மதிலுக்குள் மூன்று பூ நிற்கும். 'மதிலுக்குள் அடைபட்ட' என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'வால்டன்' மாதிரியே கேட்கும், அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள்.

இன்னொன்று தேவாலயத்துக்குள். தெற்குப் பக்கச் சிறகில் வளைவுகளின் தோளைப் பாருங்கள். கல்லில் குங்குமப்பூ செதுக்கியிருப்பார்கள். கீழிருந்து சட்டென்று தெரியாது, கொஞ்சம் நேரம் அண்ணாந்து தேட வேண்டும். வரும் தேதி முடிவானதும் தனிமடலில் சொல்லுங்கள். சேர்ந்தே போகலாம், பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.